வெள்ளிக்கிழமைக் குமிழிகள்

என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். சொன்னால் புரியாது என்பதால் இல்லை, பாதி சொல்வதற்குள் கேட்டவரின் கண் ஜன்னல் பக்கம் போய்விடும் என்பதால். அதனால் ஒரே வரியில் முடித்துவிடுவேன். "கொழுப்பில் குமிழி செய்து, ஒரு குமிழி இன்னொரு குமிழியோடு ஒட்டுகிறதா என்று பார்க்கிறேன்." முதல்முறை இதைக் கேட்டபோது அம்மா கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சர்க்கார் வேலைய விட்டுட்டு சோப்பு நுரை ஊதப் போறேங்குத. நல்லா இரு, தாயி."

அந்தக் கோபத்துக்கு அவளுக்கு உரிமை இருந்தது. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி தில்லிக்கு வந்தவள். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்த பிறகு, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோவாக இருந்தபடியே என்னையும் அண்ணனையும் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்த்தாள். நிரந்தர வேலை, பென்ஷன், குவார்ட்டர்ஸ் என்ற மூன்றும் அவளுக்குக் குலதெய்வம் மாதிரி. நானோ கையில் இருந்த அரசு ஆய்வகப் பணியை விட்டுவிட்டு, காதோரம் நரை எட்டிப் பார்க்கும் வயதில் பிஎச்.டி. சேர்ந்தேன். அண்ணன் அமெரிக்காவில் இருந்தான். அவன் என்ன செய்தாலும் அது அமெரிக்கா என்பதால் சரிதான்.

நான் சேர்ந்த மறு வருடமே அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் போகவில்லை. போயிருந்தால் வேறு யாராவது கடவுளைப் பற்றி நல்லதாக நினைத்திருப்பார்கள், நான் நினைத்திருக்க மாட்டேன். அவள் ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் ஆர்.கே.புரம் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு வேலைக்காரப் பெண் வருவாள், நாங்கள் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவோம். சமைத்துக் கொடுப்பாள், துணி மாற்றிவிடுவாள், அம்மாவோடு சேர்ந்து டிவி சீரியலைத் திட்டுவாள். ஆனால் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு மட்டும் அம்மா அவளை விடமாட்டாள். தீதி ஒரு தடவை நல்ல மனதோடு கடுகெண்ணெய் கொண்டுவந்தாள், குளிருக்கு அதுதான் உத்தமம் என்றாள். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "பெஹன், யே சப்ஜி கே லியே ஹை", இது காய்கறி சமைக்கத்தான் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

எனவே வெள்ளிக்கிழமை காலை என் பொறுப்பு. குழிக்கரண்டியில் நல்லெண்ணெய், நாலைந்து மிளகு, ஒரு சிட்டிகை சீரகம். மிளகு வெடிக்கும்வரை அடுப்பில் காட்டி, ஆறவைத்து, குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அவள் தலையில் வைத்துத் தேய்க்க வேண்டும்.

"மெதுவாத் தேயேன்ட்டி. என்ன, பாத்திரமா வெளக்குத?"

"சும்மா இரும்மா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஒனக்கு என்னைக்குத்தான் நேரமாவல."

முடி மெலிந்து, உச்சியில் மண்டை தெரிய ஆரம்பித்திருந்தது. அந்த இடத்தில் விரல் படும்போது நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன். அவளும் பேச்சை நிறுத்திவிடுவாள். எங்கள் வீட்டில் சண்டை இல்லாமல் கழிந்த நேரம் என்றால் அது ஒன்றுதான்.

எண்ணெய் விஷயத்தில் அவளுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. தில்லியில் நல்லெண்ணெய் தேடி அலைந்த காலத்தில் போட்ட சட்டங்கள் அவை, இப்போது மூலைக்கு மூலை தமிழ்க் கடை வந்த பிறகும் மாறவில்லை. கரண்டியில் மீந்த எண்ணெயைக் கொட்டக் கூடாது, சம்படத்தில் ஊற்றி வைக்க வேண்டும். அடுத்த வாரம் அதோடு கொஞ்சம் புது எண்ணெய் சேர்த்து மறுபடி காய்ச்சலாம். மூடி போட்ட அந்தச் சின்ன எவர்சில்வர் சம்படத்தின் அடியில் எந்த வருடத்து எண்ணெய் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது.

"கையில இருக்கத ஒன் தலையில தடவிக்கோ. சாக்கடையிலயா ஊத்துவாவ, லெச்சுமிய?"

நானும் தடவிக்கொள்வேன். வாதாட நேரம் இருக்காது. வகிட்டில் இரு கையையும் தேய்த்து, முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். நாள் முழுக்க காதோர முடியை ஒதுக்கிவிடும் பழக்கம் வேறு எனக்கு உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை என்னிடம் மிளகு வாசனை அடிக்கும், பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்போது குமிழி பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஜன்னலைப் பார்க்காமல் கேளுங்கள். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் கொழுப்பால் ஆன ஒரு தோல் உண்டு. இரண்டு அடுக்குத் தோல். அதே மாதிரித் தோல் போர்த்திய குமிழிகளை நாங்கள் கண்ணாடிக் குழாயில் செயற்கையாகச் செய்கிறோம். கொழுப்பைக் குளோரோஃபார்மில் கரைத்து, அதை உலர்த்தி, தண்ணீர் விட்டுக் குலுக்கினால் கண்ணுக்குத் தெரியாத கோடிக் குமிழிகள் கிடைக்கும். கொஞ்சம் கால்சியம் சேர்த்தால் அவை நெருங்கிவந்து ஒட்டும். ஒட்டுவதிலும் இரண்டு கட்டம் இருக்கிறது. முதலில் வெளி அடுக்குகள் இரண்டும் ஒன்றாகும். பல குமிழிகள் அத்தோடு நின்றுவிடும், வெளியே ஒன்று, உள்ளே தனித்தனி. உள் அடுக்கும் திறந்தால்தான் ஒன்றின் உள்ளே இருப்பது மற்றதற்குள் போய்க் கலக்கும். உள்ளே ஒளிரும் சாயம் வைத்திருப்போம். கலந்தால் மெஷின் திரையில் கோடு ஏறும், கலக்காவிட்டால் தரையோடு படுத்துக்கிடக்கும்.

தாயும் மகளும் இரண்டு குமிழிகள் என்று நீங்கள் சொல்லப் போவது தெரிகிறது. தயவுசெய்து வேண்டாம். குமிழிகள் ரசத்தில் உப்பு அதிகம் என்று சண்டை போடுவதில்லை.

என் கேள்வி இதுதான். கொழுப்பில் கரையும் பொருள் ஒன்று அந்தத் தோலுக்குள் போய் உட்கார்ந்தால், ஒட்டுவதற்கு அது உதவுமா, தடுக்குமா? நான் எடுத்துக்கொண்டது வைட்டமின் ஈ. தடுக்கும் என்று என் கைடு எதிர்பார்த்தார். அவர் தில்லிக்காரப் பஞ்சாபி அம்மாள், எல்லாரையும் பெற்ற பிள்ளை மாதிரி "பேட்டா" என்று கூப்பிட்டுக்கொண்டே கசக்கிப் பிழிபவர். என் சோதனையில் நடந்ததோ நேர்மாறு. வைட்டமின் ஈ சேர்த்த குமிழிகள் வெளியே ஒட்டி, உள்ளேயும் திறந்து, கலந்தன. கோடு ஏறிக்கொண்டே போயிற்று. சேர்க்காத குமிழிகளில் வெளியோடு நின்றது. திரும்பத் திரும்பச் செய்தேன், மாறவில்லை. மெஷின் பொதுவானது, எங்கள் முறை வெள்ளிக்கிழமை மதியம். எனவே குமிழிகள் எல்லாம் வெள்ளிக்கிழமைகளில் பிறந்தவை. என் ஆராய்ச்சியின் முதுகெலும்பு அந்த ஒரு கோடுதான். அதை நம்பித்தான் கட்டுரை எழுதினோம், உதவித்தொகை முடிந்த பிறகும் கைடு என்னைத் தாங்கிப் பிடித்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா கட்டிலில் இருந்தபடியே கேட்பாள்.

"ஒட்டிச்சா?"

"ஒட்டிச்சும்மா."

"ம்." அவ்வளவுதான். சோப்பு நுரை என்று கேலி செய்தவள் அந்த ஒரு கேள்வியை எந்த வெள்ளிக்கிழமையும் விட்டதில்லை. தீதியிடம் இந்தியில் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. என் மகள் ஒட்டவைக்கிற டாக்டர் என்று சொல்லியிருக்கிறாள். தீதி நெடுநாள் நான் எலும்பு டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

குளிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அண்ணன் வந்துசேரும் வரை காத்திருந்து எடுத்தோம். எங்கள் வழக்கப்படி, கடைசியாகக் குளிப்பாட்டும் முன் உறவுக்காரர்கள் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைக்க வேண்டும். தில்லியில் உறவென்று எத்தனை பேர்? கீழ்வீட்டுத் தமிழ் மாமி, அண்ணன், நான். மாமி எண்ணெய் கேட்டாள். நான் அந்தச் சம்படத்தை எடுத்துக் கொடுத்தேன். என் முறை வந்தபோது உச்சியில் அந்த மெலிந்த இடத்தில்தான் வைத்தேன். ஜில்லென்று இருந்தது. காய்ச்சாமல் வைத்துவிட்டோமே என்று தோன்றியது. எல்லார் முன்னாலும் அதற்குத்தான் அழுதேன், வேறு எதற்கும் இல்லை.

அதன் பிறகு நான் எண்ணெயைத் தொடவில்லை. சம்படத்தை மூடிக் குளியலறை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். ஷாம்பு பாட்டில் வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலைகளில் இருந்த ஓட்டம் போய், முதல் பஸ்ஸிலேயே உட்கார இடம் கிடைத்தது.

காரியங்கள் முடிந்து லேபுக்குத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை கோடு ஏறவில்லை.

வெளி அடுக்கு ஒட்டியது. உள்ளே கலக்கவில்லை. வைட்டமின் ஈ சேர்த்தது, சேர்க்காததைவிட இன்னும் மோசமாகப் படுத்துக்கிடந்தது. கை தவறியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே. புது கொழுப்பு வரவழைத்தேன். கால்சியக் கரைசலை மாற்றினேன். மெஷினின் விளக்கை மாற்றச் சொல்லி டெக்னீஷியனோடு சண்டை போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

"லீவ் எடுத்துக்கோ, பேட்டா. அம்மா போன துக்கம். கை நடுங்கும்" என்றார் கைடு.

"என் கை நடுங்கவில்லை, மேடம்."

அவரே ஒரு நாள் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து, தன் கையால் செய்து பார்த்தார். அவருக்கும் ஏறவில்லை. அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இத்தனை நாள் வந்த கோடுகளை நான் கற்பனையில் வரைந்தேனோ என்று அவர் ஒரு நொடி யோசித்தார், பிறகு அப்படி யோசித்ததற்காக எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். டீ ரூமில் மற்றவர்கள் நான் நுழைந்ததும் கிரிக்கெட் பேச ஆரம்பித்தார்கள். இத்தனை வருட உழைப்பும் என் பெயரும் அந்தப் படுத்த கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. வீட்டுக்குப் போனால் கேட்க ஆள் இல்லை. கேட்க ஆள் இல்லாததும் ஒருவகையில் நல்லதுதான், என்ன சொல்லியிருப்பேன் என்று சில நாள் நினைத்திருக்கிறேன்.

ஹோலிக்குப் பிறகு வீட்டுக்காரர் வெள்ளையடிக்க ஆள் அனுப்பப் போவதாகச் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை காலை குளியலறை அலமாரியை ஒழித்தேன். சம்படம் கையில் வந்தது. திறக்காமல் வைத்திருக்கலாம். திறந்தேன். மிளகு, சீரகம், கொஞ்சம் சிக்கு வாடை. அம்மாவின் தலை அப்படியே அந்தச் சின்ன டப்பாவுக்குள் இருந்தது. அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் விரலில் கொஞ்சம் தொட்டு என் வகிட்டில் தேய்த்துக்கொண்டேன். கையைக் கழுவவில்லை. சொல்ல ஆள் இல்லாவிட்டாலும் சட்டம் சட்டம்தானே.

அன்று மதியம் கோடு ஏறியது.

நான் சத்தம் போட்டே விட்டேன். கைடு ஓடிவந்து பார்த்து என்னைக் கட்டிக்கொண்டார். "அச்சா! நான் சொன்னேன் இல்லையா, மனசுதான் காரணம்!" என்றார். பழைய கோடு, பழைய உயரம். எனக்கு அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தது. கீழ்வீட்டு மாமியிடமாவது சொல்லலாம் என்று பஸ் ஸ்டாப்பில் நின்று போனை எடுத்தேன். திரையில் வெயில் சாய்ந்து விழுந்தது. கண்ணாடி முழுக்க என் விரல் தடங்கள், எண்ணெய்ப் பிசுக்கோடு பளபளத்தன.

பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

வைட்டமின் ஈ தேன் மாதிரி கெட்டியானது. மற்ற குழாய்களில் அது கலந்துவிடக் கூடாது என்று அதற்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி சிரிஞ்சு வைத்திருந்தேன். அந்தப் பிசினுக்கு உள்தண்டு அடிக்கடி இறுகிவிடும். அப்போது தண்டை உருவி, இரண்டு விரலுக்கு நடுவில் ஓட்டித் துடைத்து, திரும்பச் சொருகுவேன். வெறும் விரலால்தான், ஏனென்றால் குளோரோஃபார்ம் பட்டால் கையுறை ஊறிக் கரையும் என்று அந்த வேலைக்குக் கையுறையைக் கழற்றிவிடுவது எங்கள் லேபில் வழக்கம். மற்ற சிரிஞ்சுகளின் தண்டை நான் தொட்டதே இல்லை. குமிழி செய்ய நாங்கள் எடுக்கும் கொழுப்பு ஒரு கடுகளவுகூட இருக்காது. அதில், காதோர முடியை ஒதுக்கிய விரலின் ரேகையில் இருக்கும் எண்ணெய் என்பது பெரிய விருந்தாளி.

ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்ற நினைப்பு வந்தது. சம்படத்தில் இன்னும் இருக்கிறது, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு விரல் தொட்டால் போதும், பட்டம் வீடு தேடி வரும். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடுவரை நடந்தே போனேன், அந்த நினைப்பும் கூடவே வந்தது. பட்டத்தைவிட இன்னொன்றுக்காகத்தான் அது என்னைப் பிடித்து இழுத்தது. எண்ணெய் இருக்கும்வரை வெள்ளிக்கிழமைகளும் இருக்கும் அல்லவா?

திங்கட்கிழமை, வைட்டமின் ஈயே சேர்க்காமல், ஒரு சுத்தமான சிரிஞ்சின் தண்டில் சம்படத்து எண்ணெய் தொட்ட விரலை ஓட்டிச் செய்து பார்த்தேன். மெஷின் முறை வேறொருவருடையது, கெஞ்சி வாங்கினேன். கோடு ஏறியது. கடையிலிருந்து புதிதாக வாங்கிய நல்லெண்ணெயில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வாராவாரம் திரும்பத் திரும்பக் காய்ச்சியதில் பழைய எண்ணெய் உடைந்து கொழுப்பு அமிலமாகியிருந்தது. தோலைத் திறக்கவைத்தது அதுதான். வைட்டமின் ஈ பாவம், தன் பாட்டுக்குத் தடுக்கத்தான் பார்த்திருக்கிறது.

கைடின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவர் சிரித்துவிட்டார்.

"தலைக்கு வைக்கிற எண்ணெயா? உன் தலையில் இருந்தா?"

"என் தலைக்கு என் அம்மா தலையிலிருந்து வந்தது, மேடம். அவளுக்குத் தேய்த்த கையைக் கழுவ விடமாட்டாள்."

அவர் சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கட்டுரையை நாமே திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்றார். அத்தியாயத்தை முதலிலிருந்து செய்யலாம், தடுக்கிறது என்பதும் ஒரு முடிவுதான், அதையும் எழுதலாம் என்றார். நான் பொய்க் கோடு வரையவில்லை என்று தெரிந்ததில் அவருக்கு எவ்வளவு நிம்மதி என்பது குரலில் கேட்டது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"சிரிஞ்சை நன்றாகக் கழுவிவிடு, பேட்டா" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஷாம்பு போட்டுக் குளித்தேன். முடியைத் துணித் தொப்பிக்குள் கட்டினேன். முழங்கைவரை சோப்புப் போட்டு, நகக்கண் வரைக்கும் தேய்த்தேன். தண்டை இடுக்கியால் பிடித்துக் குளோரோஃபார்மில் முக்கி முக்கி எடுத்தேன். கழுவிய குளோரோஃபார்ம் தண்ணீர் மாதிரித் தெளிவாகத்தான் இருந்தது. அதைக் கழிவுப் பாட்டிலில் ஊற்றும்போது சாக்கடையிலயா ஊத்துவாவ என்று அம்மாவின் குரல் காதில் விழுந்தது. ஊற்றினேன்.

மதியம் மெஷினில் வைத்தேன். வெளி அடுக்குக்கான கோடு ஏறி நின்றது. உள்ளே கலந்ததைக் காட்ட வேண்டிய கோடு அசையவே இல்லை. கைடு என் தோளுக்குப் பின்னால் நின்று கடைசிவரை பார்த்தார்.

"அப் டீக் ஹை. இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது."

"ஆமாம், மேடம்" என்றேன்.

அதற்கப்புறம் எத்தனை முறை செய்தும் அது அப்படித்தான் வந்தது. இப்போது என் ஆய்வேட்டில் இருப்பது அந்தக் கோடுதான். பார்க்கிறவர்களுக்கு அது நல்ல, ஒழுங்கான கோடு. அம்மாவைத் துடைத்து எடுத்த பிறகு மிஞ்சியது அது என்று எனக்கு மட்டும் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். புது வெள்ளையின் வாசனை அடித்தது. கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கமாக நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

"ஒட்டலம்மா. சரியா வந்திருக்கு."